முதலில் பேசுகிறவரை நம்பாதீர்கள்

நண்பர்கள் கூடி ஒயின் ருசி பார்க்கும் இடத்தில், முதலில் வாய் திறப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் "நல்லா இருக்கே" என்றால் எல்லோருக்கும் நன்றாக இருக்கும். அவர் முகம் சுளித்தால் அடுத்த நிமிடமே ஆளாளுக்கு ஒரு குறை தென்படும். அவரையும் முந்திக்கொண்டு பேசிவிடுவது பாட்டிலின் விலை. அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 5 டாலர் ஒயினையே 45 டாலர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குடித்தவர்களுக்கு அது கூடுதலாகப் பிடித்தது. ஸ்கேனில் பார்த்தால், ருசியின் இன்பத்தைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியும் கூடுதலாகவே இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை நிஜமாகவே நாக்கில் ஏறிவிடுகிறது.

அதனால்தான் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ரெட் ஒயின்களைப் பெயரையும் விலையையும் மறைத்து வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்கிறேன். அதே ஆண்டில் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, லேபிள் தெரியாமல் ருசி பார்த்து இடப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட மதிப்பெண்களை அலசியது. ஒயின் பயிற்சி இல்லாத சாதாரண மக்களுக்கு, விலை கூடிய ஒயின்கள் சராசரியாகக் கொஞ்சம் குறைவாகவே பிடித்திருந்தன.

பெங்களூரில் எங்கள் நண்பர் வட்டம் இதை எளிதாகவே செய்கிறது. எல்லா பாட்டிலும் ஒரே திராட்சை வகையாக இருக்க வேண்டும், பெரும்பாலும் ஷிராஸ். நாசிக்கிலிருந்து சில, நந்தி மலைப் பக்கத்திலிருந்து சில. இறக்குமதி ஒயினுக்கு வரி கடுமை என்பதால், இந்த விலையில் உள்ளூர் பாட்டிலுக்குள் இருக்கும் சரக்குதான் பெரும்பாலும் மேல் என்பது என் எண்ணம். ருசி பார்க்க உட்காராத ஒருவர் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டுவிடுவார். ஆளுக்கு 30 மில்லி போதும். எட்டுப் பேருக்கு ஊற்றினாலும் 750 மில்லி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குகூடத் தீராது. மீதிக்கு வேலை இருக்கிறது. துப்புவதற்குத் தனியாக ஒரு பாத்திரம், வீடு திரும்ப ஆட்டோ.

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற விதி ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது. அங்கே அது 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் ஏப்ரல் மாதத்து அறையில் அப்படியே திறந்தால் ஆல்கஹால் நெடி முன்னால் வந்து நிற்கும், பழ வாசனை அமுங்கிப்போகும். மலிவான ஒயின் "காட்டமா இருக்கு" என்று பெயர் வாங்குவதில் பாதிப் பழி இந்தச் சூட்டுக்குத்தான் சேரும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அதே ஒயின் ஆளே மாறிவிடும்.

பிறகு மௌனம். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒரு சொல் கூடாது, "ம்ம்" என்ற முனகல்கூடக் கூடாது. முகர்ந்ததும் என்ன வந்தது, வாயில் துவர்ப்பு எப்படி இருக்கிறது, விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, இன்னொரு கிளாஸ் கேட்பேனா என்று நான்கு வரி. "நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கு இழுக்குது" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் செய்கிற வேலையை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

வரிசையில் ஒரே ஒயினை இரண்டு எண்களில் ஒளித்து வைப்பதும் உண்டு. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற கடலியல் பேராசிரியர், கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் நடுவர்களை இப்படித்தான் சோதித்தார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்தபோது, மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் தந்தவர்கள் பத்தில் ஒருவர் மட்டுமே. எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஒரே ஒயினுக்கு முதலிடமும் கடைசி இடமும் கொடுத்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணா? சத்தியமா சொல்லு மச்சி!" என்று தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அதற்காக அவர் நாக்கைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கடைசி எண்ணுக்கு முன்னால் அவர் குடித்தது இனிப்புத் தூக்கலான ஒயின். அதன் பின்னால் எது வந்தாலும் புளிப்பாகத்தான் தெரியும். அதனால் இப்போதெல்லாம் ஆளுக்கு ஒரு வரிசையில் ஊற்றுகிறோம்.

லேபிளை மறைப்பதோடு நிறுத்திவிட்டால் வேறொரு அநியாயம் நடக்கும். 30 மில்லியில் ஜெயிப்பது சத்தம் போடுகிற ஒயின்தான். மலிவான ரெட் ஒயின் சிலவற்றில் கொஞ்சம் சர்க்கரையை மிச்சம் விடுவார்கள். ஓக் பீப்பாயில் வைப்பதற்குப் பதில் எஃகுத் தொட்டியில் ஓக் சில்லுகளைப் போட்டு வெனிலா வாசனை ஏற்றுவார்கள். முதல் வாய்க்கு அது பிரமாதம். பாதி கிளாஸில் திகட்டிவிடும். அமைதியான ஒயின் அந்த ஒரு வாயில் தன்னைக் காட்டிக்கொள்ளவே முடியாது.

ஆகவே இரண்டாம் சுற்று சாப்பாட்டோடு. பாட்டில்களின் காகிதத்தை அப்போதும் பிரிப்பதில்லை. மிளகாய்க் காரம் டானினையும் ஆல்கஹாலையும் இன்னும் உறைப்பாக்கிவிடும் என்பதால் காரம் குறைத்துச் சமைத்த ஆட்டுக்கறி வறுவல் நல்ல பரீட்சை. இறைச்சியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணித்துவிடும். முதல் சுற்றில் "முரடு" என்று ஒதுக்கப்பட்ட ஷிராஸ் இங்கே தலையெடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்த பாட்டில் முதலில் காலியாகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறோம். எழுதிய மதிப்பெண்ணைவிட நான் நம்புவது அதைத்தான்.

மிச்சம் இருப்பதை மூடி, நிற்க வைத்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மாலை ஒரு வாய் பாருங்கள். காற்றுப் பட்டும் பழ வாசனை குலையாமல் நிற்கிற பாட்டில் எதுவோ, அடுத்த முறை கடையில் அதையே இரண்டாக வாங்கலாம்.