இரசிகர்கள் செய்யும் 'மோட்'களுக்கு விலை வைக்கலாமா?

உங்கள் வீட்டில் கணினி விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் 'மோட்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஒரு நிறுவனம் வெளியிட்ட விளையாட்டில் இரசிகர்கள் தாங்களாகவே செய்து சேர்க்கும் மாற்றமே மோட். குதிரைக்குப் புது நிறம் கொடுப்பதும் மோட்தான்; புதிய ஊர் ஒன்றையே அதன் மக்களோடும் கதையோடும் உருவாக்கிச் சேர்ப்பதும் மோட்தான். இவற்றில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன.

பல நூறு மணி நேரம் உழைத்தவர் அதற்குப் பணம் கேட்டால் என்ன தவறு? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி 2015ஆம் ஆண்டு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதைப் புரிந்துகொள்ள, மோட் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

என்ஜின் வேறு, தரவு வேறு

ஒரு விளையாட்டு மென்பொருளை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். படத்தைத் திரையில் வரைவது, ஒலி எழுப்புவது, இரண்டு பொருள்கள் மோதினால் என்ன ஆகும் என்று கணக்கிடுவது ஆகியவை 'என்ஜின்' எனப்படும் பகுதியின் வேலை. எந்தச் சுவர் எங்கே இருக்கிறது, எந்த வாளுக்கு எவ்வளவு வலிமை, யார் என்ன பேசுவார் என்பவை எல்லாம் தரவுகள்.

1993இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' விளையாட்டில் தரவுகள் தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. அதனால் என்ஜினைத் தொடாமலேயே இரசிகர்கள் புதிய தளங்களை உருவாக்க முடிந்தது.

பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பரில் வெளியிட்ட 'ஸ்கைரிம்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. மோட் செய்வதற்கான கருவியை 2012 பிப்ரவரியில் அந்நிறுவனமே இலவசமாகக் கொடுத்தது. ஸ்கைரிமில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்கும் இடத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மோட் கோப்பு மூலக் கோப்பை அழிப்பதில்லை. 'இந்த எண்ணுள்ள வாளின் எடையை 10க்குப் பதிலாக 5 என்று எடுத்துக்கொள்' என்பது போன்ற குறிப்புகளை மட்டுமே அது வைத்திருக்கும்.

வகுப்பறையில் ஒரு வரைபடத்தின் மேல் ஒளிபுகும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு தாள்களில் வண்ணம் தீட்டியிருந்தால், மேலே இருக்கும் தாளின் வண்ணமே கண்ணுக்குத் தெரியும். மோட்களும் அப்படித்தான். ஒரே பொருளை இரண்டு மோட்கள் மாற்றினால், கடைசியாகப் படிக்கப்படும் மோட் சொல்வதையே என்ஜின் ஏற்கும்.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, தனித்தனியே நன்றாக ஓடும் இரண்டு மோட்கள் சேர்ந்தால் முரண்படலாம். இரண்டாவது, ஒரு மோட் இன்னொன்றைச் சார்ந்து நிற்கலாம். ஸ்கைரிமின் புகழ்பெற்ற மோட்கள் பலவற்றுக்கு, இரசிகர்கள் எழுதிய 'ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்' என்ற இலவச மென்பொருள் தேவை. விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு அந்த மென்பொருள் இயங்காமல் போனால், அதை நம்பியிருக்கும் மோட்களும் நின்றுவிடும்.

நான்கு நாள் கடை

2015 ஏப்ரல் 23 அன்று, ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனமும் பெதஸ்டாவும் சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்தன. ஸ்கைரிம் மோட்களுக்கு அவற்றைச் செய்தவர்கள் விரும்பினால் விலை வைக்கலாம். வருமானத்தில் 25 விழுக்காடு மோட் செய்தவருக்கு, 30 விழுக்காடு வால்வுக்கு, 45 விழுக்காடு பெதஸ்டாவுக்கு.

கணக்கிட்டுப் பாருங்கள். 4 டாலருக்கு ஒரு மோட் விற்றால் செய்தவருக்குக் கிடைப்பது 1 டாலர். வால்வுக்கு 1.20 டாலர், பெதஸ்டாவுக்கு 1.80 டாலர். அதோடு, செய்தவரின் பங்கு 100 டாலரை எட்டினால்தான் பணம் கைக்கு வரும். அதாவது 400 டாலருக்கு விற்பனை ஆகியிருக்க வேண்டும்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. திட்டத்தைக் கைவிடக் கோரிய இணைய மனுவில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஏப்ரல் 27 அன்று கடை மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்று வால்வ் அறிவித்தது.

வெறும் கஞ்சத்தனமா?

இலவசமாகக் கிடைத்ததற்குப் பணம் தர மனமில்லாதவர்களின் கூச்சல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மேலே பார்த்த இரண்டு விளைவுகளும் இங்கேதான் வந்து நிற்கின்றன.

முதலில் விற்பனைக்கு வந்த மோட்களில் ஒன்று மீன்பிடிப்பு பற்றியது. மற்றோர் இரசிகர் இலவசமாக வெளியிட்டிருந்த அசைவூட்டப் பணியின் பங்கு அதில் இருந்தது. அவருடைய சம்மதம் இல்லை என்ற புகார் எழுந்ததும் அந்த மோட் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. நம் குடியிருப்பில் கோத்தோங் ரோயோங் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவர் மட்டும் கூலி வாங்கினால், அடுத்த முறை மண்வெட்டியை யார் இரவல் கொடுப்பார்கள்?

அடுத்தது பொறுப்பு. வாங்கிய மோட் பிடிக்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது விதி. ஆனால் மோட்களுக்கு இடையிலான முரண்பாடு சில வாரங்கள் விளையாடிய பிறகும் தலைகாட்டலாம். அடுத்த மாதம் வரும் புதுப்பிப்பால் மோட் பழுதானால் அதைச் சரிசெய்வது யார்? இலவசமாகக் கொடுத்தவரிடம் நாம் உரிமையோடு கேட்க முடியாது. விலை கொடுத்து வாங்கிய பிறகு கேட்காமல் இருக்கவும் முடியாது.

மறுபக்கமும் உண்டு

உழைப்புக்கு ஊதியம் கேட்பது குற்றமல்ல. 1999இல் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் மோடாகப் பிறந்ததுதான் 'கவுண்டர்-ஸ்டிரைக்'. வால்வ் அதை ஏற்று 2000இல் தனி விளையாட்டாகவே வெளியிட்டது. 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' போன்ற தன் விளையாட்டுகளுக்கு இரசிகர்கள் வடிவமைத்த தொப்பி, ஆயுதம் போன்றவற்றையும் வால்வ் விற்று வந்தது. அதன்மூலம் 1,500க்கும் மேற்பட்ட படைப்பாளர்களுக்கு 5 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேல் வழங்கப்பட்டதாக அந்நிறுவனம் 2015 ஜனவரியில் தெரிவித்தது. அங்கே நன்றாக நடந்த திட்டம் ஸ்கைரிமில் ஏன் தோற்றது? ஒரு தொப்பி இன்னொரு தொப்பியைச் சார்ந்து நிற்பதில்லை. அதோடு, விளையாட்டில் எதைச் சேர்ப்பது என்பதை வால்வே பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. 'டியூக் நியூக்கம் 3டி' விளையாட்டுக்கு இரசிகர்கள் உருவாக்கிய 300 தளங்களை, மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் குறுவட்டில் தொகுத்து விற்றது. அந்தக் கோப்புகளில் படம் எதுவும் இல்லை; எந்தப் படத்தை எங்கே வைப்பது என்ற குறிப்புகள் மட்டுமே இருந்தன. ஆயினும், மூல விளையாட்டின் தொடர்ச்சியை உருவாக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே உண்டு என்று கருதிய அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், 1998இல் மைக்ரோ ஸ்டாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

பிறகு வந்த வழிகள்

பெதஸ்டா 2017இல் 'கிரியேஷன் கிளப்' என்ற வேறொரு முறையைக் கொண்டு வந்தது. இதில் படைப்பாளர்களை நிறுவனமே தேர்ந்தெடுத்து ஊதியம் தந்தது. மற்றவற்றோடு முரண்படாமல் இயங்குகிறதா என்று சோதித்த பிறகே விற்றது. ஏற்கெனவே இலவசமாக இருந்த மோட்களை இதில் விற்க இடமிருக்கவில்லை. 'தி சிம்ஸ் 4' விளையாட்டுக்கான மோட்களை நிரந்தரமாகக் கட்டணத்துக்குள் பூட்டக்கூடாது என்று ஈஏ நிறுவனம் 2022இல் தெளிவுபடுத்தியது. நியாயமான ஒரு காலத்துக்கு மட்டும் ஆதரவாளர்களுக்கு முன்கூட்டியே தரலாம். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கான மோட்களை விற்க அதன் விதிமுறைகள் இடமளிப்பதில்லை.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. விலை வைப்பது தவறில்லை. ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இதில் யார் யாருடைய உழைப்பு இருக்கிறது, அவர்கள் அனைவரும் சம்மதித்தார்களா? பழுதானால் யார் பொறுப்பு? 2015இல் இந்த விடைகள் வருமுன்னே கடையைத் திறந்துவிட்டார்கள்.

உங்கள் பிள்ளை மோட் செய்யத் தொடங்கினால் தடுக்காதீர்கள். நிரலாக்கமும் கணிதமும் பொறுமையும் அதில் உண்டு. பிறருடைய கோப்பை எடுத்தால் அனுமதி கேட்கவும், அவர் பெயரைக் குறிப்பிடவும், விளையாட்டின் உரிம விதிகளை ஒருமுறை படிக்கவும் மட்டும் பழக்குங்கள். அந்த மோட் நாளை விலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், இந்தப் பழக்கம் அவருக்குப் பயன்படும்.