பூட்டு எதற்கு உரியது?

நூற்பாலை ஒன்றின் ரிங் பிரேமில் எத்தனை தடவை நூல் அறுந்தது என்று எண்ணும் லினக்ஸ் கருவி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவது நிரலில் ஒரே வரி. பிராசசருக்கோ அது மூன்று வேலை: எடுக்க வேண்டும், கூட்ட வேண்டும், திருப்பி எழுத வேண்டும். பிரேமின் இரண்டு பக்கத்தையும் கவனிக்கும் இரண்டு த்ரெட்களும் ஒரே சமயத்தில் 40 என்று படித்தால், இரண்டும் 41 என்றே எழுதும். ஓர் அறுப்பு கணக்கில் விழாது. ஒற்றை எண்ணுக்கு, இடையில் யாரும் குறுக்கிட முடியாத அட்டாமிக் கட்டளையே போதும். எண்ணும் நேரமும் ஸ்பிண்டில் விவரமும் சேர்ந்தே மாற வேண்டுமானால், ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: நிரலின் ஒரு பகுதியைப் பூட்டுவதாக நினைக்கிறார்கள். பூட்டு தகவலுக்கு உரியது. அந்தத் தகவலைத் தொடும் ஒவ்வோர் இடமும் அதே பூட்டைப் பிடிக்க வேண்டும். ஓர் இடம் தவறினாலும் மற்ற இடங்களில் பூட்டியது வீண்.

ஒரே பிராசசர் உள்ள சிறு கருவிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சென்சாரிலிருந்து இன்டரப்ட் வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் வேலை பாதியில் நிற்கும். இன்டரப்ட் நிரலும் அதே தகவலைத் தொட்டால் ஆபத்து அப்படியே இருக்கிறது. அந்த நிரல் தூங்கக் கூடாது என்பதால், காத்திருப்பவரைத் தூங்கவைக்கும் மியூடெக்ஸ் என்ற பூட்டு அங்கே உதவாது. தூங்காமல் சுழன்று காத்திருக்கும் ஸ்பின்லாக் என்ற பூட்டை, இன்டரப்ட்டை நிறுத்திவைத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால், பூட்டு விடுபடக் காத்திருக்கும் இன்டரப்ட் நிரலே, அதை விடுவிக்க வேண்டிய வேலையை ஓடவிடாமல் தடுத்து நிற்கும்.

பூட்டினால் வேகம் குறையும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. 1996இல் லினக்ஸ் 2.0 கர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டோடு வந்தது. அதை முழுதாக அகற்ற 2011 வரை ஆயிற்று. ஆனால் இந்த மறுப்புக்கு விடை, பூட்டைக் கைவிடுவதல்ல, தகவலுக்கேற்பப் பிரிப்பது. அடிக்கடி படித்து எப்போதாவது மாற்றும் தகவலுக்கு ஆர்சியு என்ற வழியும் உண்டு. ஐபிஎம்மின் பெங்களூர்க் குழுவைச் சேர்ந்த தீபாங்கர் சர்மா அதை லினக்ஸில் சேர்க்க உழைத்தார், 2002இல் அது ஏற்கப்பட்டது. படிப்பவர் பூட்டுக்காகக் காத்திருப்பதில்லை. மாற்றுபவர் நகலைத் திருத்தி இடம் மாற்றிவிட்டு, பழையதைப் படிப்போர் முடிக்கும்வரை அதை அழிக்காமல் காக்கிறார். அப்போதும் மாற்றுபவர்களுக்குள் பூட்டு வேண்டும்.

சோதனையில் எல்லாம் சரியாக ஓடியதே என்பது கடைசி வாதம். ஆனால் டர்ட்டி கவ் என்ற பந்தயப் பிழை (ரேஸ்) 2007 முதல் 2016 வரை கர்னலில் கிடந்தது. இரண்டு த்ரெட்கள் குறிப்பிட்ட ஒரு வரிசையில் மோதினால் மட்டுமே அது வெளிப்படும். டிரைவர் எழுதும் கோவை மாணவர்களே, ஒவ்வொரு பொதுத் தகவலின் பக்கத்திலும் அதற்குரிய பூட்டின் பெயரைக் குறித்துவைத்து, சோதனைக் கர்னலில், பூட்டுத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப்பை இயக்கியே ஓட்டிப் பாருங்கள்.