தவறிய வேளை

பல்வலி உடையவன் மருந்தை மறப்பதில்லை. வலியே அவனுக்கு நினைவூட்டும். குருதி அமுக்கம் மிகுந்தவனோ பெரும்பாலும் ஒரு துன்பமும் உணர்வதில்லை. ஆதலின் மாத்திரையை மறத்தல் எளிது. மறதியால் விளையும் கேட்டை அறிதல் அரிது. மூளையும் இருதயமும் சிறுநீரகமும் அக்கேட்டை மெல்ல மெல்லச் சுமக்கின்றன.

ஒரு வேளை தவறினால் நேர்வது யாது? இவ்வினாவுக்கு எல்லா மருந்துகளுக்கும் பொதுவான விடை இல்லை. குருதியிலுள்ள மருந்து பாதியாகக் குறைவதற்குச் செல்லும் நேரத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். அம்லோடிப்பின் என்னும் மருந்துக்கு அது 30 முதல் 50 மணி நேரம். நாடோறும் உண்டு வருபவர் ஒரு நாள் தவறவிட்டாலும், முன்னைய நாட்களின் சேமிப்பு குளத்து நீர்போல் நின்று உதவும். லொசாட்டனுக்கோ அது ஏறத்தாழ 2 மணி நேரமே. உடலில் அதிலிருந்து உண்டாகி வேலை செய்யும் பொருளுக்கும் 6 முதல் 9 மணி நேரந்தான். இது குடத்து நீர். நாளும் முகந்தாலன்றி நில்லாது.

இவ்விரண்டினும் அஞ்சத்தக்க வகை ஒன்று உண்டு. குளோனிடினைத் திடீரென நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த நரம்புத் தூண்டல் பொங்கியெழும். ஓரிரு நாட்களுள் அமுக்கம் முன்னிருந்ததினும் மேலாக உயரக்கூடும். புரொப்பிரனொலோல் போன்றவற்றைச் சடுதியாகக் கைவிடுதல், இருதய நாடிநோய் உடையோருக்கு நெஞ்சுவலியையும் மாரடைப்பையும் வருவிக்கலாம்.

மருத்துவரைக் காணும் நாள் நெருங்கும்போது மட்டும் ஒழுங்காக மாத்திரை உண்பார் சிலர் உளர். அன்றைய அளவு நன்றாயிருக்கும். மற்றை நாட்களின் நிலையை மருத்துவர் அறியார். வேறு சிலர் தவறிய வேளைகளை மறைப்பர். அமுக்கம் உயர்ந்திருக்கக் காணும் மருத்துவர், மருந்து போதவில்லை என்றெண்ணி அதனைக் கூட்டுவார். உண்ணாத மருந்துக்கு மேல் மற்றொரு மருந்து! பின்னர் இரண்டையும் ஒழுங்காக உண்ணத் தொடங்கினால் அமுக்கம் அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து மயக்கமும் வரலாம்.

நாளுக்கொரு முறை உண்ணும் மாத்திரையை மறந்தவர், நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை அண்மித்துவிட்டால் தவறியதை விட்டுவிடுதலே முறை. ஈடுசெய்யும் எண்ணத்துடன் இரண்டை ஒருங்கே விழுங்கலாகாது. பல வேளைகள் தவறினால் மருத்துவரிடம் உள்ளதை உள்ளவாறு உரைத்தல் வேண்டும். மறதி மனித இயல்பு. அதனை மறைத்தலே பெருந்தீங்கு.