வாற்றும் போல்ரனும்: ஒரு பங்குடைமையின் வரலாறு

மின்குமிழை வாங்குவோர் யாவரும் அதிற் பொறிக்கப்பட்ட வாற்று என்னுஞ் சொல்லைக் காண்பர். வலுவை அளக்கும் அலகுக்கு ஜேம்ஸ் வாற்றின் பெயரே இடப்பட்டுள்ளது. நீராவிப்பொறியை முதன்முதல் ஆக்கியவரும் அவரே என்று கருதுவாருமுளர். அது பொருந்தாது, நியூக்கொமன் என்பாரின் பொறி 1712ஆம் ஆண்டிலேயே சுரங்கநீரை இறைக்கத் தொடங்கிவிட்டது. வாற்று செய்தது அதனைத் திருத்தியமைத்தமையாகும். அத்திருத்தத்தை வரைபடத்திலிருந்து சுரங்கவாய் வரை கொண்டுசென்றவர் மத்தியூ போல்ரன். இவரை அறிந்தோர் சிலரே. புதிதாக ஒரு தொழிலைத் தொடங்குவோர், உடனின்று உழைக்கத் தக்க துணைவரை எங்ஙனந் தேடுவது, தேடியபின் அவரோடு எங்ஙனம் ஒழுகுவது என வினவுவராயின், இவ்விருவரின் வரலாற்றை ஊன்றிப் படித்தல் தகும்.

வாற்று, கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் அளவுகருவிகள் செய்பவராகப் பணியாற்றியவர். 1763-64ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பல்கலைக்கழகத்துக்குரிய நியூக்கொமன் பொறியின் மாதிரியொன்று பழுதுபார்க்கும் பொருட்டு அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு வீச்சின்போதும் அதன் உருளையைச் சூடாக்கிப் பின் குளிர்விக்க நேர்ந்தமையால் ஆவி பெரிதும் வீணாவதை அவர் கண்டார். ஆவியை வேறொரு கலத்திற் செலுத்தி ஒடுங்கச் செய்தால் உருளை என்றுஞ் சூடாகவே இருக்கும் என்னும் எண்ணம் 1765இல் அவருக்கு உதித்தது. எண்ணம் உதிக்க ஒரு மாலைப்பொழுது போதியதாயிற்று. அதனை விலைக்கு விற்கத்தக்க பொறியாக்கப் பதினோராண்டுகள் சென்றன.

காலந் தாழ்ந்தமைக்குக் காரணங்கள் பல. பெரிய உருளையை வட்டம் பிசகாமற் குடைந்தெடுக்க வல்ல தொழிலாளர் அக்காலத்தில் அரியர். பணமோ வாற்றிடம் இல்லை. இவற்றினும் பெருந்தடையாயிருந்தது அவர்தம் இயல்பு எனலாம். தலைநோவும் மனச்சோர்வும் அவரை அடிக்கடி வருத்தின. விலை பேசுதலும் கணக்குத் தீர்த்தலும் அவருக்கு வேம்பாயின. பேரம் பேசுவதினும் பீரங்கியின் முன் நிற்றல் மேல் என்னுங் கருத்துப்பட அவரே எழுதியிருக்கின்றார்.

அவருக்கு முதலில் வாய்த்த பங்காளர் ஜோன் றோபக் என்பார். கரன் இரும்பாலையை நிறுவியோருள் ஒருவர். கல்வியும் ஊக்கமும் மிக்கவர். வாற்றின் கடன் ஏறத்தாழ 1,000 பவுணைத் தாம் ஏற்று, கண்டுபிடிப்பின் உரிமையில் மூன்றில் இரு பங்கைப் பெற்றார். ஆக்கவுரிமை 1769இற் கிடைத்தது. ஆனால் றோபக்கின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெள்ளம் நிரம்பிக்கொண்டிருந்தது. அவ்வெள்ளத்தை இறைத்துத் தம்மைக் கரையேற்றும் என்றே அவர் அப்பொறியை நம்பினார். நீரில் அமிழ்பவனை நீந்தக் கற்போன் பற்றிக்கொண்டாற் போன்றது அக்கூட்டு. வாற்று குடும்பத்தைக் காக்கக் கால்வாய்களுக்கு நில அளவை செய்து திரிந்தார். பொறி கிடப்பிற் கிடந்தது. 1773இல் றோபக் வங்குரோத்தானார். அவரைக் குறைகூறுதல் முறையன்று. அவரிடம் நம்பிக்கை இருந்தது. பொறுத்திருக்க வசதிதான் இல்லை.

போல்ரனின் நிலை வேறு. பேர்மிங்காமுக்கு அணித்தாகச் சோகோ என்னுமிடத்திற் பெருந்தொழிற்சாலை அமைத்து, பொத்தான், வார்ப்பூட்டு, வெள்ளிப் பாத்திரம் முதலியன செய்வித்தார். கைத்திறன் மிக்க தொழிலாளர் பலர் அவரிடம் இருந்தனர். இருவருக்கும் நண்பரான வில்லியம் ஸ்மோல் என்னும் மருத்துவர் இடைநின்று அவர்களை நெருக்கமாக்கினார். 1768இல் வாற்று சோகோவில் தங்கிப் போல்ரனோடு அளவளாவினார். மறுவருடம் றோபக், மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் பொறி செய்யும் உரிமையைப் போல்ரனுக்குத் தர முன்வந்தார். போல்ரன் மறுத்தார். உலகம் முழுவதற்குஞ் செய்வதாயின் முயற்சி தகும், மூன்று மாவட்டங்களுக்காயின் தகாது என்பது அவர் விடை. அரைகுறைப் பங்கை மறுக்கும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நான்கு ஆண்டுகள் காத்திருந்து, றோபக் தமக்குத் தரவேண்டிய 1,200 பவுண் கடனுக்கு ஈடாக அம்மூன்றில் இரு பங்கைப் பெற்றுக்கொண்டார். ஏனைய கடன்கொடுத்தோர் அதனை ஒரு சல்லிக்கும் மதித்திலர்.

வாற்று 1774இற் பேர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். பாராளுமன்றச் சட்டமொன்றால் ஆக்கவுரிமை 1800 வரை நீடிக்கப்பட்டது. 1775 யூன் முதலாந் தேதியிலிருந்து இருபத்தைந்து ஆண்டுக்குப் பங்குடைமை கொள்வதென இருவரும் உடன்பட்டனர். முதன்முறை சந்தித்ததற்கும் இதற்கும் இடையே ஏழாண்டுகள் கழிந்திருந்தன என்பது கருதத்தக்கது. திருக்குறளில் தெரிந்துதெளிதலுக்கு ஓர் அதிகாரமும், அதனையடுத்துத் தெரிந்துவினையாடலுக்கு ஓர் அதிகாரமும் அமைந்த முறைவைப்பு ஈண்டு நினைவுக்கு வரும்.

இத்துணை நம்பிக்கை இருந்தமையாற் போலும், எழுத்திலான ஒப்பந்தத்தை முடிப்பதில் அவர்கள் விரைவு காட்டவில்லை. 1776இல், முதல் மனைவியை இழந்த வாற்று மறுமணஞ் செய்ய முயன்றபோது, பெண்ணின் தந்தையார் ஒப்பந்தப் பத்திரத்தைக் காண விரும்பினார். காட்டுதற்குப் பத்திரம் இல்லை! வாற்று திடுக்குற்று, உடன்பட்ட நிபந்தனைகளை நிரைப்படுத்திப் போல்ரனுக்கு எழுதினார். மாமனாரின் முன்னெச்சரிக்கையாற் பின்னுள்ளோர்க்கு அரிய சான்றொன்று கிடைத்தது.

அந்நிபந்தனைகள் வருமாறு: உரிமையில் மூன்றில் இரு பங்கு போல்ரனுக்கு. சட்டத்துக்கும் பரிசோதனைகளுக்குமான செலவு முழுவதும் அவருடையது. அதற்கு வட்டியும் இல்லை. தொழிலுக்கு வேண்டிய முதலை அவர் வட்டிக்கு இடுவார். அம்முதல் அழிந்தால் வாற்றை அதற்காகத் தொடரமுடியாது. வரைபடம், ஆலோசனை, அளவை ஆகியன வாற்றின் கடமை. இலாபத்தில் மூன்றிலொரு பங்கு அவருக்கு. கணக்கேடுகளைப் போல்ரன் பேணி, ஆண்டுக்கொருமுறை ஐந்தொகை காட்டவேண்டும். குறிக்கத்தக்க முடிவுகளைத் தனிப் புத்தகமொன்றில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால், அவை ஒப்பந்தத்தின் வலுப்பெறும். ஒருவர் இசைவின்றி மற்றவர் தம் பங்கைக் கைமாற்றலாகாது. ஒருவர் இறப்பின் அல்லது செயலிழப்பின் மற்றவரே தனித்து நடத்துவார். வாரிசுகள் கணக்கைப் பார்க்கலாம், குறுக்கிடல் ஆகாது.

பங்கு சமமன்று என்று சிலர் குறை காணக்கூடும். எனினும் பேரிழப்பு வரின் அதனைத் தாங்குபவர் யார் என்று பார்ப்பின், பங்கீடு நேர்மையானதென்றே தோன்றும். பிரிவையும் இறப்பையும் பற்றி, அன்பு குன்றாத காலத்திலேயே பேசி வைத்தமை அதனினுஞ் சிறப்பு.

வில்க்கின்சன் என்னும் இரும்புத்தொழிலதிபர் 1774இற் புதிய குடைபொறியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார்; உருளைகளைச் செவ்வனே குடைந்து தந்தவர் அவரே. 1776இல் முதற் பொறிகள் இயங்கின. அடுத்து, நிலக்கரி அரிதாகிய கோண்வால் நாட்டுச் சுரங்கங்கள் பெருஞ் சந்தையாயின. பழைய பொறியோடு ஒப்பிட மிஞ்சும் எரிபொருட் செலவில் மூன்றிலொன்றைக் கட்டணமாகக் கொள்வதென்பது ஏற்பாடு. அதனை அளக்க வீச்சுகளை எண்ணுங் கருவியொன்று பொறியிற் பூட்டப்பட்டது. தொடக்கத்தில் இசைந்த சுரங்கத்தார், சேமிப்பு மிகமிகக் கட்டணமும் மிகுவது கண்டு முறுமுறுத்தனர். அவர்களோடு வழக்காடுவதில் வாற்று நலிந்தார். அவர் கடிதங்கள் அக்காலத்திற் புலம்பலாகவே இருந்தன. கடன் பத்திரத்தில் ஒப்பமிடுமாறு கேட்கப்பட்டபோது, தம் குடும்பம் தெருவில் நிற்குமோ என நடுங்கினார். போல்ரன் அவரை இகழ்ந்திலர். ஆறுதல் கூறிப் பேரம் பேசுஞ் சுமையைத் தாம் ஏற்றார்.

ஆயினும் வாற்றின் அச்சம் வீண் அச்சமன்று. போல்ரன் நிலத்தை விற்றும் ஈடுவைத்தும் தொழிலை நடத்தினார். 1762 முதல் பொதர்கில் என்பாரோடு அவர் நடத்திய பொத்தான், வெள்ளித் தொழிற் கூட்டு நட்டத்திலேயே உழன்றது. அதே போல்ரன் ஒரு கூட்டில் வென்று மற்றதில் இடருற்றார் என்பதை மறத்தலாகாது.

தளர்ந்தவரைத் தாங்கியதோடு போல்ரன் அமையவில்லை, தூண்டவுஞ் செய்தார். நீரிறைப்பதோடு நின்றிருந்த பொறியைச் சக்கரஞ் சுழற்றுவதாக்கின் ஆலைகளெல்லாம் வாங்கும் என்று 1781இல் வற்புறுத்தினார். வாற்று மனமின்றியே தொடங்கினார். அவ்வாண்டே சூரிய-கோட் பற்சக்கர அமைப்புக்கும், 1782இல் இருபுறமும் ஆவி தாக்கும் பொறிக்கும், 1784இல் சமாந்தர இயக்கத்துக்கும் ஆக்கவுரிமைகள் பெறப்பட்டன. இவற்றுள் இறுதியதையே வாற்று தம் சாதனைகளுட் பெரிதாக மதித்தார். வேண்டாவெறுப்பாய்ப் புகுந்த துறையில் அவர் அடைந்த பெருமை அது.

இருவரும் ஒருமித்த இடமெல்லாம் சரியான இடமென்றுங் கொள்ளலாகாது. அவர்களிடம் பணியாற்றிய வில்லியம் மேடொக், ஆவியால் ஓடும் வண்டியின் மாதிரியொன்றை 1784 அளவிற் செய்தபோது, இருவருமே அவரை ஊக்கவில்லை. தம் தொழிலிலிருந்து கவனஞ் சிதறும் என அஞ்சினர். தறுவாய் தவறியது.

1800இல் ஆக்கவுரிமையுடன் பங்குடைமையுங் குறித்தபடியே முடிவுற்றது. அதற்குள் 400க்கு மேற்பட்ட பொறிகள் நிறுவப்பட்டிருந்தன. மைந்தர் இருவரும் சோகோத் தொழிலைக் கையேற்றனர். போல்ரன் 1809இலும் வாற்று 1819இலும் மறைந்தனர். அன்ஸ்வேத் ஊரிலுள்ள ஒரே தேவாலயத்தில் இருவரும் அடக்கஞ் செய்யப்பட்டனர். 2011இல் இங்கிலாந்து வங்கி வெளியிட்டு, 2022 வரை வழங்கிய 50 பவுண் தாளில் இருவர் உருவமும் அருகருகே பொறிக்கப்பட்டிருந்தன.