எப்ப சார் விடும்?

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பருக்கு வயது 41, மகர ராசி. 2017-ல் ஏழரைச் சனி பிடித்தது என்று யாரோ சொன்னதிலிருந்து அவர் பேச்சே மாறிவிட்டது. விரயச் சனியில் கடையை இடம் மாற்றினார். ஜென்மச் சனியில் கொரோனா. பாதச் சனியில் தவணை. இரண்டாவது சுற்று 'பொங்கு சனி', அள்ளிக் கொடுக்கும் என்பார்கள். "எனக்குப் பொங்கினது வட்டி மட்டும்தான்" என்பார்.

ஒருநாள் ஜோசியரிடம் துணைக்குப் போனேன். பணம் வருமா, கடன் அடையுமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: "எப்ப சார் விடும்?"

"உங்க வீட்டுல எந்தப் பஞ்சாங்கம் பாப்பீங்க?" என்றார் ஜோசியர்.

அங்கேதான் சிக்கல். சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ 29½ ஆண்டு. ஒரு ராசிக்கு இரண்டரை. ராசி மாறும் நாளைப் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது வாக்கியம். பாம்புப் பஞ்சாங்கம் அந்த வகை. வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகும்படி திருத்தியது திருக்கணிதம். இதன்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. இருக்கிற ஒரே சனிக்கு இரண்டு தேதி, நடுவே 11 மாதம்!

சனிக்குப் பேர்போன திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் பக்கம். 2025-ல் இங்கே பெயர்ச்சி இல்லை என்று கோயில் நிர்வாகமே அறிவித்தது. நண்பர் கேட்கவில்லை, மார்ச் 29 அன்றே அங்கே போய்விட்டார். சனிக்கிழமை வேறு. தலையில் நல்லெண்ணெய் வழிய நளன் குளத்தில் முங்கினார். உடுத்தியிருந்த பழைய வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு, புதுசைக் கட்டிக்கொண்டு நடந்தார். கரையில் ஈரத்துணிக் குவியல். சேலை, பனியன், பள்ளிக்கூடச் சீருடைகூட. அந்தச் சீருடைதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தோஷம்?

நளனைப் பிடித்தது சனி என்கிறது தலபுராணம். நளவெண்பாவில் அவனைப் பிடிப்பது கலி. இதைச் சொன்னால் நண்பர், "யாரு பிடிச்சா என்ன, விட்டுச்சா இல்லையா?" என்கிறார்.

ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பரிகாரத்துக்காக இன்னொரு கடன் வாங்க வைப்பவர்களைக் கண்டால் கோபமும் வரும். ஆனால் நண்பரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. வங்கிக்காரர் தவணைத் தேதி சொல்வார். வக்கீல் வாய்தா தேதி சொல்வார். கஷ்டம் முடிகிற தேதியைச் சொல்ல ஜோசியரை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவர் காசு கொடுத்து வாங்கியது அந்தத் தேதியைத்தான்.

2026 மார்ச் 6-க்கும் டிக்கெட் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை, கடை லீவு. தவணை 5-ம் தேதி. அதைக் கட்டிவிட்டு ராத்திரி பஸ் ஏறுகிறார்.