ஊர்த் தண்ணீரும் தைராய்டுச் சுரப்பியும்

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு. "இந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பதே அது. உடல் சோர்ந்தாலும், தலைமுடி உதிர்ந்தாலும், குளிர் தாங்க முடியாமற் போனாலும் தண்ணீரின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் அமைதி அடைகிறோம். தில்லியின் மார்கழிக் குளிர் எவரையும் நடுங்கச் செய்யும், அதில் வியப்பில்லை. ஆனால், பங்குனி பிறந்து அண்டை வீட்டார் மின்விசிறியைச் சுழலவிட்ட பின்னரும் ஒருவர் கம்பளியைக் களையாதிருப்பாராயின், குறை ஊரில் இல்லாமல் அவருடைய கழுத்தில் இருக்கக்கூடும்.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயைத் தழுவியவாறு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் ஒரு சுரப்பி அமைந்துள்ளது. தைராய்டு என்பது அதன் பெயர். அதன் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். ஆயினும், உடல் என்னும் அடுப்பு எத்தனை வேகமாக எரியவேண்டும் என்பதை அது சுரக்கும் தைராக்ஸின் என்னும் நீரே முடிவு செய்கிறது. அந்நீர் மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும். குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், உலர்ந்த தோல், எடை ஏற்றம், மனவாட்டம், மாதவிலக்கில் மிகுந்த உதிரப்போக்கு ஆகியவை தோன்றும்.

தண்ணீரைப் பழிக்கும் வழக்கத்தில் ஓரளவு உண்மையும் இல்லாமலில்லை. இமயமலை அடிவார மண்ணில் அயோடின் மிகக் குறைவு. ஆகவே, அங்கே வாழ்ந்தோரிடையே கழுத்துக் கழலை பெருகியிருந்தது. 1956-ஆம் ஆண்டில் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடினைச் சேர்த்தால் கழலை குறையும் என்பதை ஐயமற நிறுவியது. 1962-இல் கழலைத் தடுப்புத் தேசியத் திட்டம் தொடங்கப் பெற்றது. ஆனால், கழுத்தில் வீக்கம் கண்டவுடன் அயோடின் குறைவுதான் காரணம் என்று எண்ணிவிடுதல் தவறு. அயோடின் போதிய அளவு கிடைத்தும் இச்சுரப்பி கெடுவதுண்டு. அதற்கு முக்கியமான காரணம் அழற்சியாகும்.

அழற்சி ஒரே வகையினதன்று. மிகப் பரவலாகக் காணப்படுவதை 1912-ஆம் ஆண்டில் ஹகாரு ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர் விவரித்தார். அதன் காரணம் 1956-இல்தான் விளங்கியது. வெளியிலிருந்து வரும் கிருமிகளைத் தாக்கவேண்டிய எதிர்ப்பு ஆற்றல், ஆள் அடையாளம் தெரியாத காவலாளியைப்போல், சொந்த வீட்டுச் சுரப்பியையே தாக்குகிறது. வலி இராது, காய்ச்சல் இராது. பல ஆண்டுகளில் மெல்ல மெல்லச் சுரப்பி தேய்கிறது. ஆண்களைவிடப் பெண்களே இதற்குப் பன்மடங்கு மிகுதியாக ஆளாகின்றனர்.

இரண்டாவது வகை, சளிக்காய்ச்சல் போன்றதொரு நோய் வந்து சென்ற சில வாரங்களில் தோன்றுவது. கழுத்தின் முன்புறம் தொட்டாலே வலிக்கும். வலி தாடைக்கும் காதுக்கும் ஏறும். காதுநோய் என்றோ பல்வலி என்றோ மயங்குவோர் உண்டு. வீங்கிய சுரப்பியிலிருந்து தேங்கியிருந்த நீர் கசிவதால் முதலில் படபடப்பும், பின்னர்ச் சில காலம் சோர்வும் ஏற்படும். பெரும்பாலோர் சில மாதங்களில் முற்றிலும் குணமடைவர். வலி நீக்கும் மருந்துகளும், கடுமையாயின் ஸ்டீராய்டு மருந்தும் போதுமானவை.

மூன்றாவது வகையை வெளியூர்த் தமிழர் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். அது மகப்பேற்றுக்குப் பின் ஓராண்டுக்குள் வருவது. நம் பெண்கள் தாய்வீட்டில் பிள்ளை பெற்று, மூன்று நான்கு மாதங்கள் கழித்துக் கைக்குழந்தையுடன் கணவரின் ஊருக்குத் திரும்புகிறார்கள். இவ்வழற்சியால் தைராக்ஸின் குறையத் தொடங்குவதும் பெரும்பாலும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். உறவினர் துணையின்றி, மொழி தெரியாத ஊரில், அப்பெண் காரணமின்றி அழுகிறாள்; எழுந்து நடமாட முடியாமல் தளர்கிறாள். "அம்மாவைப் பிரிந்த ஏக்கம்" என்று வீட்டார் ஆறுதல் கூறுகின்றனர். ஏக்கமாகவும் இருக்கலாம், சுரப்பியின் குறையாகவும் இருக்கலாம். சிறிதளவு இரத்தத்தைச் சோதித்தால் உண்மை வெளிப்படும். பலருக்கு இது ஓராண்டுக்குள் தானே மாறிவிடும். சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு.

சோதனை எளியது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் ஏவல் நீரைத் தைராய்டுக்கு அனுப்புகிறது. வேலைக்காரன் தளர்ந்தால் எசமானின் குரல் உயர்வதுபோல, தைராக்ஸின் குறைந்தால் டி.எஸ்.எச். பொதுவாக உயரும். தேவையாயின் எதிர்ப்பணுப் பொருள்களையும் அளந்து, அழற்சியின் வகையை மருத்துவர் தீர்மானிப்பார்.

சுரப்பி நிலையாகக் குன்றியவர்க்குத் தைராக்ஸின் மாத்திரையே மருந்து. அது உடலே சுரக்கும் பொருள், ஆகவே அஞ்சவேண்டியதில்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். காபிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருத்தல் அவசியம். நம்மவர்க்கு இஃது ஒரு தவம்தான். ஆயினும், காபியோடு விழுங்கிய மாத்திரை முழுப் பயன் தராது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. அளவு மாற்றப்பட்டால் 6 முதல் 8 வாரங்களுக்குப் பின் மறுசோதனை செய்துகொள்ளல் வேண்டும். முதியோர்க்கும் இதயநோய் உள்ளோர்க்கும் சிறிய அளவிலேயே தொடங்குவர். சுரப்பி நன்றாக இயங்கட்டும் என்று கடற்பாசி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்பது ஹஷிமோட்டோ நோயருக்குத் தீங்கே விளைக்கலாம்.

உடல் தேறியவுடன் "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவது பலர் செய்யும் பிழை. பழைய மருந்து சில வாரங்கள் உடலில் தங்குவதால் தீங்கு உடனே தெரியாது. பின்னர்ச் சோர்வு மீண்டும் வரும். கருவுற்ற பெண்கள் நிறுத்தவே கூடாது. கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரிடம் சென்று அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்; கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸின் இன்றியமையாதது.

உத்தியோக மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்வோர், பாத்திர பண்டங்களோடு சோதனைச் சீட்டுகளையும் மருந்தின் பெயர், அளவு எழுதிய தாளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். புதிய ஊரின் மருத்துவருக்கு நம் மொழி தெரியாதிருக்கலாம்; அத்தாள் நமக்காகப் பேசும். கழுத்து வலியோடு கடுங்காய்ச்சலும் விழுங்க இயலாமையும் சேர்ந்தால், கிருமியால் சீழ் கட்டியிருக்கக்கூடும். அரிதேயாயினும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நிலை அது.

அடுத்த முறை வீட்டில் ஒருவர் "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கூறினால் சிரித்துத் தள்ளிவிடவும் வேண்டா; அப்படியே நம்பிவிடவும் வேண்டா. வாரக்கணக்கில் சோர்வு நீடிக்குமாயின் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். தண்ணீரின் குற்றமா, சுரப்பியின் குற்றமா என்ற வழக்கு அங்கே தீர்ந்துவிடும்.