ரோலை மூடியது, கைத்தொழில் தங்கியது

இந்த வார எபிசோடில் தொழிற்பயிற்சிக்கான வெளிநாட்டு உதவி பற்றி ரெண்டு வரி பேசிட்டு நகர்ந்துட்டோம். "மெஷின் குடுப்பாங்க, ரிப்பன் வெட்டுவாங்க, அஞ்சு வருஷத்துல தூசி படியும்" என்று நினைக்கிறவங்களுக்கு சிங்கப்பூர் கதை கொஞ்சம் வேற மாதிரி.

1972-ல் சிங்கப்பூரின் பொருளியல் வளர்ச்சிக் கழகம் டாடாவுடன் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. அடுத்த வருஷம் ஜெர்மன் கேமரா நிறுவனமான ரோலை, 1975-ல் பிலிப்ஸ். அரசு இடமும் செலவில் பங்கும் தரும். நிறுவனம் பயிற்றுநர்களையும் பாடத்திட்டத்தையும் தரணும். இதில் எனக்குப் பிடிச்ச ஷரத்து ஒண்ணு உண்டு: நிறுவனம் தன் தேவைக்கு மேலேயே ஆட்களைப் பயிற்றுவிக்கணும். மிச்சப் பேர் மற்ற தொழிற்சாலைகளுக்கு. அதாவது லைசென்ஸ் நிறுவனத்தோடது இல்லை, நாட்டோடது.

அது எவ்வளவு முக்கியம்னு 1981-ல் தெரிஞ்சது. ரோலை நொடிச்சுப்போய் சிங்கப்பூர் ஆலையை மூடியது. நிறைய பேருக்கு வேலை போச்சு, அதை லேசா சொல்ல முடியாது. ஆனா மைக்ரான் கணக்கில் உலோகத்தைக் கடையத் தெரிஞ்ச கைகள் ஊரிலேயே இருந்தன. அடுத்த வருஷமே சீகேட் வந்து இறங்கியது. ஹார்ட் டிஸ்க் உதிரிபாகங்களுக்கும் வேண்டியது அதே துல்லியம்தான்.

பிறகு நிறுவனங்களுக்குப் பதிலா அரசுகள் வந்தன. ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் ஒவ்வொன்றோடும் ஒரு கூட்டுக் கழகம். ஜப்பானோடு சேர்ந்தது மென்பொருளுக்கே தனியா ஒண்ணு, அதுவும் 80-களின் தொடக்கத்திலேயே! வெளிநாட்டு நிபுணர் பக்கத்தில் உள்ளூர் ஆசிரியர் நின்று கத்துக்கிட்டு, பொறுப்பை ஏத்துக்கிட்டார். கான்ட்ராக்ட் முடியற கடைசி ரெண்டு நாளில் கே.டி. செஷன் நடத்துற என்னை மாதிரி ஆளுக்கு இது பொறாமையா இருக்கு. இந்தக் கழகங்கள் பின்னர் 1992-ல் தொடங்கிய நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குள் சேர்ந்தன.

2013-ல் டெல்லி விவேக் விஹாரில் ஒரு திறன் மையம் திறந்தது. விருந்தோம்பல், சில்லறை விற்பனைப் பாடங்கள். வழிகாட்டியது சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். டாடா சிங்கப்பூருக்குப் போய் அப்போ 41 வருஷம்.